உப்புக்கு முந்திய தண்ணீர்

வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களில் கடற்கரை இல்லாதது வவுனியா ஒன்றுதான். வவுனியா நகருக்கு வடக்கே, ஏ9 வீதியோரம் இருக்கிற ஓமந்தையில் ஒருவர் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால், மீனுக்கு முன்னர் கடலைச் செய்தாக வேண்டும். செய்முறை கேட்பதற்கு எளிது. நல்ல தண்ணீர் ஒரு லீற்றருக்குக் கடலுப்புக் கலவை ஏறத்தாழ 35 கிராம். உப்பைப் பற்றிய விபரம் எல்லாம் பொதியிலேயே அச்சடித்திருக்கும். அந்த ‘நல்ல தண்ணீர்’ எது என்பது எந்தப் பொதியிலும் இராது. தொட்டியின் நிறையில் நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் அதுதான் என்றாலும், வாங்குகிறவரும் விற்கிறவரும் அதைப் பற்றிப் பேசுவது குறைவு.

இந்த அத்தியாயம் அந்த 96 பங்கைப் பற்றியது.

கடலை ஏற்றி வந்தால் என்ன?

முல்லைத்தீவுக்குப் போய்க் கான்களில் அள்ளிவரலாமே என்று தோன்றும். 200 லீற்றர் தொட்டிக்கு 205 கிலோ கடல்நீர் வேண்டும். மாதாமாதம் அதில் ஒரு பகுதியை மாற்றவும் வேண்டும். ஒரு பட்டா வாகனம் கிடைத்தால் இது பெரிய காரியமில்லை. சிக்கல் அள்ளும் காலத்திலும் இடத்திலும் இருக்கிறது.

மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும்போது முல்லைத்தீவுக் கடல் கலங்கிக் கிடக்கும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் வெள்ளத்தில் நிரம்பி, முகத்துவார மணல்மேட்டை உடைத்துக்கொண்டு வயல்நீரையும் காட்டுநீரையும் கடலில் கொட்டும். அதே மாதங்களில் வங்காள விரிகுடாவின் வடக்கிலிருந்து, பெரிய ஆறுகளின் நன்னீர் கலந்த நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே இறங்கும். திறந்த சமுத்திரத்தில் ஆயிரத்துக்கு 35 ஆக இருக்கும் உப்புச்செறிவு இங்கே மேற்பரப்பில் 33 இற்கும் கீழே போகும். கோடையில் தெளிந்த கடலிலிருந்து, முகத்துவாரங்களுக்கு அப்பால் அள்ளினால் நீர் நன்றாக இருக்கும். ஆனால் அதில் உயிருள்ள மிதவைகள் இருக்கின்றன. மூடிய கானுக்குள் வெயிலில் வரும் வழியிலேயே அவை செத்து, அழுகி, ஒட்சிசனைக் குடித்து அமோனியாவை விட்டுச் செல்லும். ஆகவே கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்கள் உலகமெங்கும் உப்பையும் தண்ணீரையும் பிரித்தே வாங்குகிறார்கள்.

இதைத் தொடங்கிவைத்தவர்கள் லண்டன்காரர்கள். 1853 இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் முதலாவது பொது மீன்காட்சியகம் திறந்தபோது கடல்நீரை வெளியூரிலிருந்தே கொண்டுவர வேண்டியிருந்தது. மறு ஆண்டு இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸ், பிரைட்டன் கடல்நீரின் பகுப்பாய்வை வைத்துக்கொண்டு நான்கு உப்புகளால் செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். அந்தப் பட்டியலில் கல்சியம் இல்லை. சுண்ணாம்பு லண்டன் குழாய்நீரிலேயே போதிய அளவு வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. முதல் செய்முறையிலேயே தண்ணீரும் ஒரு சேர்மானப் பொருளாக எண்ணப்பட்டுவிட்டது. அந்தச் செய்முறையை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் அது வேறு கடலாகிவிடும் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

ஊர்த் தண்ணீர் எதையும் நம்பாத உப்புக் கலவை பிற்பாடு வந்தது. சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சேகரித்த 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து, 1884 இல் முடிவை வெளியிட்டார். எந்தக் கடலிலும் பிரதான உப்புகளின் விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்பதே அந்த முடிவு. கிலோவுக்குச் சுமார் 1,290 மில்லிகிராம் மகனீசியம், 410 கல்சியம், 400 பொற்றாசியம். இன்று பொதியில் வரும் கலவை இந்த விகிதத்தை முழுமையாகத் தருவதாக வைத்துச் செய்யப்படுகிறது. அதாவது, நீங்கள் ஊற்றும் தண்ணீரில் எதுவுமே இல்லை என்று அது நம்புகிறது.

ஆனையிறவில் உப்பளம் இருக்க, பொதி உப்பு எதற்கு என்ற கேள்வியும் வரும். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்புகள் எல்லாம் ஒன்றாக இறங்குவதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், நீர் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கியபின் சோடியம் குளோரைட்டு. மகனீசியமும் பொற்றாசியமும் கடைசிவரை கசப்பு நீரில் நின்று, அதனுடன் வடித்துவிடப்படும். கறிக்கு அது நல்லது. மீனுக்கும் பவளத்துக்கும், ஆனையிறவு உப்பை எந்த நல்ல நீரில் கரைத்தாலும் கடல் திரும்பி வராது.

ஓமந்தைக் கிணற்றில் இருப்பது

பொதி நம்புவதுபோல் ஓமந்தைத் தண்ணீர் வெறுமையானதா? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. வவுனியாவின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறையின் மேல் இருக்கிறது. நீர் அங்கே பாறை உக்கிய மண்ணிலும் பாறைப் பிளவுகளிலும் நிற்கிறது. கட்டுக்கிணறு முதலாவதைத் தொடும். குழாய்க்கிணறு இரண்டாவதை எட்டும். இறுகிய பாறையில் மெதுவாக நகரும் நீர் பாறையையே கரைத்துக்கொண்டு போகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைக் கல் அதன் சாட்சி. கல்சியம், மகனீசியம், இருகாபனேற்று, சிலிக்கா, புளோரைட்டு என்று ஒரு முழுப் பாறையே அந்த நீரில் கரைந்திருக்கிறது.

இவற்றில் ஊரை அச்சப்படுத்தியது புளோரைட்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். உலர்வலயத்தில் பல கிணறுகள் இதைத் தாண்டுகின்றன. பிள்ளைகளின் பல்லில் வரும் பழுப்புக் கறை அதனால்தான். 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டது. வன்மையும் புளோரைட்டும் சேர்ந்த நிலத்தடி நீர் மீது ஆய்வாளர்களின் சந்தேகம் நீண்ட காலமாக இருக்கிறது. கடற்படை தயாரித்தவை உட்பட, நீரைச் சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. நிலையங்கள் ஊரூராக வந்ததும், பொதுமக்கள் வாயில் டிடிஎஸ் (கரைந்த மொத்தத் திண்மம்) என்ற சொல் புழங்கத் தொடங்கியதும் இதன் பிறகுதான்.

இனி அதே கிணற்று நீரைக் கடலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்கைக் கடல்நீரில் புளோரைட்டு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் எப்போதும் இருக்கிறது. ஊரையே பயமுறுத்தும் பொருள், இந்த அளவில் கோமாளி மீனுக்குப் பழகிய சூழல். வன்மையும் அப்படித்தான். கடல்நீரின் வன்மையோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கிணறும் மெல்நீரே.

மறுபக்கம் திருப்புங்கள். குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராம் வரை ஏற்கப்படுகிறது. பவளப் பார் உள்ள கடலில் அது ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் கீழே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் குடிநீரில் செப்பு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். மீனின் ஒட்டுண்ணியைக் கொல்ல மருந்தாக இடும் செப்பு வெறும் 0.2 மில்லிகிராம், அந்த அளவிலேயே இறாலும் நத்தையும் அனிமனியும் செத்துவிடும். கிணற்று நீரில் பத்துக்கணக்கான மில்லிகிராம் சிலிக்கா மனிதருக்கு ஒன்றும் செய்யாது. தொட்டியிலோ, சிலிக்காவால் ஓடு கட்டும் தயற்றம் பாசி கண்ணாடி முழுக்கப் பழுப்பாகப் படரும். ஆகவே ‘குடிக்கலாம்’ என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு தொட்டிக்கு ஊற்றவும் முடியாது. ‘குடிக்கக் கூடாது’ என்பதற்காகவே அந்த நீர் தொட்டிக்கும் ஆகாது என்று முடிவுகட்டவும் முடியாது. இரண்டும் வேறு வேறு உடம்புகளுக்கான கணக்கு.

ஆவியாகும் நீர், ஆவியாகாத மிச்சம்

கிணற்று நீரில் கரைந்திருப்பதைக் ‘கொஞ்சம் தானே’ என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், ஓமந்தை அடங்கும் வன்னியின் வெயில். 200 லீற்றர் தொட்டியிலிருந்து நாளுக்கு 4 லீற்றர் ஆவியாகிறது என்று வைப்போம். போவது நீர் மட்டுமே, உப்பு போகாது. அதனால் குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். 50 நாளில் 200 லீற்றர் நன்னீர் உள்ளே போய்விடும். அந்த நீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், 50 நாளில் தொட்டியின் நைத்திரேற்று மீன் கழிவினால் ஏறுவது போக மேலும் 10 ஏறும். நூறாவது நாள் 20. குளம் கோடையில் வற்றிச் சவர் ஏறுவதும் இதே விதியால்தான். ஆனால் குளத்துக்கு மாரி வந்து வான்பாய்கிறது. தொட்டிக்கு வான் இல்லை.

காரத்தன்மையின் கணக்கு இன்னும் கடுமை. கடல்நீரில் அது கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 115 மில்லிகிராம். வன்மையான கிணறு ஒன்றில் 350 இருந்தால், அந்த நீரில் கரைத்த உப்பு முதல் நாளே அளவு மீறிய காரத்துடன் தொடங்கும். பிறகு நிரப்பும் ஒவ்வொரு வாளியும் அதை மேலும் உயர்த்தும். ஒரு கட்டத்தில் கல்சியம் காபனேற்று வெண்பொடியாகப் படிந்து, பம்பியையும் வெப்பமாக்கியையும் பிடித்துக்கொள்ளும்.

மீற்றர் பார்க்கும் பகுதி

டிடிஎஸ் மீற்றர் கரைந்த பொருளை எண்ணுவதில்லை. இரண்டு மின்முனைகளுக்கிடையே நீர் எவ்வளவு மின்னைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை 0.5 முதல் 0.7 வரையான ஒரு எண்ணால் பெருக்கிப் பிபிஎம் என்று காட்டுகிறது. கடத்துதிறன் 800 மைக்ரோசீமன் உள்ள ஒரே கிணற்று நீரை ஒரு மீற்றர் 400 என்றும் இன்னொன்று 560 என்றும் காட்டினால் இரண்டும் பழுதில்லை. பெருக்கும் எண்தான் வேறு. ஆகவே ஒரே மீற்றரால் எல்லாவற்றையும் அளந்து, வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

மின்னூட்டம் உள்ளவையே மின்னைக் கடத்தும். சாதாரண நீரில் சிலிக்கா மின்னூட்டமற்ற அமிலமாகக் கரைந்திருப்பதால் மீற்றருக்கு அது தெரியாது. பூச்சிநாசினி எச்சம் தெரியாது. பற்றீரியா தெரியாது. 0.2 மில்லிகிராம் செப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே எண்ணே வரும். மீற்றர் பெரிய எண் காட்டினால் அந்த நீர் தொட்டிக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். சிறிய எண் காட்டினால் சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கா, செப்பு, காரத்தன்மை ஆகிய ஐந்துக்கும் துளி இட்டு நிறம் பார்க்கும் பெட்டிகள் கடல்மீன் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒருமுறை முழு அறிக்கை வேண்டுமென்றால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

மாதிரி எடுப்பதிலேயே பாதி விடை கெட்டுவிடும். இரவு முழுக்கக் குழாயில் நின்ற நீரை எடுக்கக் கூடாது. மோட்டரைச் சில நிமிடம் ஓடவிட வேண்டும். பிளாஸ்டிக் போத்தலை அதே நீரால் மூன்று தரம் அலசி, விளிம்புவரை நிரப்பி, குளிரில் வைத்துக் கெதியாகச் சோதிக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் சிலிக்காவைக் கசியவிடும். ஒருமுறை சோதித்து ஆண்டு முழுவதற்கும் அதை நம்பக் கூடாது. ஆவணி, புரட்டாசியில் கிணறு அடிமட்டத்தில் நிற்கும்போது பாறையின் உப்பு செறிந்திருக்கும். மாரிக்குப் பின் நீர் பெருகி உப்பு குறையும். வயலில் இட்ட உரம் அதே வெள்ளத்துடன் இறங்கி நைத்திரேற்று ஏறவும் கூடும். கிணற்றின் இந்த இரண்டு முகங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கே அந்தக் கிணறு தெரியும்.

சவ்வின் வழியே

உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும், நடைமுறைக்கு உதவும் சவ்வை 1959, 1960 ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செய்தார்கள். 1965 இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊர் அந்த முறையில் குடிநீர் பெற்றது. இன்று வீடுகளில் இருப்பது அதன் பின்வந்த பொலிஅமைட்டுச் சவ்வு. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் தானாகப் போவது பிரசாரணம். கூடிய பக்கத்தில் அழுத்தம் கொடுத்து அதைத் திருப்பிவிடுவதே ஆர்.ஓ.

இந்த அழுத்தம்தான் ஓமந்தை வீடுகளில் முதல் தடை. நிலத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் உள்ள தாங்கி 0.6 பார் அழுத்தமே தரும். வீட்டுச் சவ்வுக்குச் சுமார் 4 பார் வேண்டும். அழுத்தம் கூட்டும் சிறு பம்பி இல்லாமல் தாங்கியிலிருந்து நேரே இணைத்தால் நீர் சொட்டும். உப்பும் கூடக் கசியும். இரண்டாவது தடை குளோரீன். பொலிஅமைட்டை அது அரித்துவிடும். குழாய்நீர் பாவிப்பவர் சவ்வுக்கு முன் கரி வடியை வைத்தே ஆக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் சவ்வு நூற்றுக்கு 95 முதல் 98 பங்கைத் தடுக்கும். 800 பிபிஎம் கிணற்று நீர் 97 சதவீதத் தடுப்பில் 24 ஆக வெளிவரும். அந்த 24 இற்குள் நைத்திரேற்றின் பங்கு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் சவ்வு அதை மற்ற அயன்களைப்போல் இறுக்கித் தடுப்பதில்லை. மீற்றர் காணாத சிலிக்காவும் சிறிது இருக்கும். அதனால் கடைசியில் அயன் பரிமாற்ற ரெசின் நிரப்பிய குழல் ஒன்று வேண்டும். அதன் வழியே வரும் நீர் மீற்றரில் 0 காட்ட வேண்டும்.

இங்கே நிலத்தடி நீருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இருகாபனேற்று மிகுந்த கிணற்று நீரில் கரைந்த காபனீரொட்சைட்டும் மிகுதி. அது வாயு, சவ்வு அதைத் தடுக்காது. ரெசினுக்குள் போனதும் அயனாக மாறி, விலை கூடிய ரெசினைத் தின்றுவிடும். சவ்வைத் தாண்டிய நீரை ஒரு பரலில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஓர் இரவு விட்டால் வாயு வெளியேறிவிடும். அதன்பின் ரெசினுக்குள் விடலாம். இதையே சவ்வுக்கு முன் செய்தால் கிணற்று நீர் காரமாகிச் சுண்ணாம்பு படிந்து சவ்வே அடைபடும். சிலிக்காவிலும் கவனம் வேண்டும். ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் கைவிடுவது சிலிக்காவைத்தான். மீற்றர் இன்னும் 0 காட்டிக்கொண்டிருக்கும், கண்ணாடி பழுப்பாகும்.

ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று லீற்றர் கழிவு என்று வைத்தால், அந்தக் கழிவு ஏறத்தாழ 1,060 பிபிஎம் ஆகும். மலசலகூடத்துக்கும் தரை கழுவவும் தென்னைக்கும் அது போதும். குடிக்கக் கூடாது, தடுக்கப்பட்ட புளோரைட்டும் அதற்குள்தான் செறிந்திருக்கிறது. கழிவைக் குறைப்போம் என்று குழாயை இறுக்கினால் வன்மையான நீரில் சவ்வு விரைவில் கல்லாகிவிடும்.

வானத்துத் தண்ணீர்

ஐப்பசி முதல் தை வரை ஓமந்தைக்கு இன்னொரு வழி திறக்கிறது. மழைநீரில் பாறை இல்லை. 20 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,000 லீற்றர். கிணறு, குளம், குழாய் ஆகிய மூன்றையும்விட வெறுமைக்கு அருகில் இருப்பது இதுதான், கூரையைத் தொடும் வரை. கோடைத் தூசியும் பறவை எச்சமும் முதல் மழைகளுடன் இறங்கும்; அவை பொசுபேற்று. நாகம் பூசிய தகரம் நாகத்தைக் கரைக்கும். உள்நாட்டுப் போருக்குப் பின் வன்னியில் பல வீடுகளுக்குக் கட்டிக் கொடுத்த சீமெந்து மழைநீர்த் தாங்கிகள் குடிப்பதற்கு நல்லவை. சீமெந்து காரத்தைக் கூட்டுவதால் தொட்டிக்கு அவை பொருந்தா. மாரி நன்கு பிடித்தபின், திறந்த வெளியில் விரித்த சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து, அதையும் ரெசின் வழியே விட்டால் சவ்வும் கழிவும் இல்லாமல் பல மாத நீர் சேரும்.

சேர்த்த நீரை எதில் வைப்பது என்பதும் தெரிவின் பகுதி. அயன் இல்லாத நீர் உலோகத்தைக் கரைக்கும். பித்தளைத் திருகுகுழாய், செப்புக் குழாய், தகர வாளி எதுவும் அதைத் தொடக் கூடாது. முன்னர் கிருமிநாசினியோ இரசாயனமோ நிரப்பியிருந்த நீலப் பரலை எத்தனை தரம் கழுவினாலும் நம்ப வேண்டாம். வளிச்சீராக்கியிலிருந்து (ஏசி) சொட்டும் நீர் மீற்றரில் அழகான எண் காட்டும். அது செப்பும் அலுமினியமும் கொண்ட சுருளின் மேல் வழிந்து வந்தது.

நிலையத்து நீர்

கடைசியாக, பலருக்கும் முதலில் தோன்றுகிற வழி: ஊர் ஆர்.ஓ. நிலையத்தில் கானை நிரப்பிக்கொள்வது. கூடாது என்றில்லை. அந்த நிலையம் மனிதருக்காக ஓடுகிறது. சுவைக்காகச் சிறிது மூலநீரோ தாதுக்களோ கலந்திருக்கலாம், அது பிழையில்லை. மீற்றரைக் கொண்டுபோய் அளந்து, வீட்டில் ரெசின் குழல் வழியே விட்டால் உங்களுக்கு மிச்சமாவது பம்பியும் சவ்வும்.

அளக்கக் கற்றுக்கொண்டவர் அங்கே இன்னும் சில கேள்விகளைக் கேட்பார். உள்ளே போகும் நீரின் எண் என்ன, வெளியே வரும் எண் என்ன? 97 ஆக இருந்த தடுப்பு இன்றைக்கு 85 ஆகிவிட்டதா? சவ்வு மாற்றி எவ்வளவு காலம்? புளோரைட்டைத் தனியாகக் கடைசியாகச் சோதித்தது எப்போது? கழிவுநீர் எங்கே போய் விழுகிறது, அந்த இடத்துக்குக் கீழே யாருடைய கிணறு இருக்கிறது? கோமாளி மீனுக்காகப் பழகிய இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அங்கே தண்ணீர் பிடிக்க நிற்கும் மனிதருக்குப் பொருந்தாதது அல்ல. விடைகளை மட்டும் அவருடைய சிறுநீரகத்தின் கணக்கில் வாசிக்க வேண்டும்.